டி.வி. அலையில் ஏறி வந்த போன்

சத்தம் பிடிப்பது என் தொழில். அதுவும் காதுக்குக் கேட்காத சத்தம். செல்போன் அலைக்குள் எதுவாவது புகுந்து இடைஞ்சல் செய்தால், அது எங்கேயிருந்து கிளம்புகிறது என்று சங்கரன்கோவில் வட்டாரத்தில் தெருத் தெருவாகத் தேடுகிறவன் நான். மொட்டைமாடி ஏறி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று அலறியிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே கட்சி, உட்காருங்கள்.

மோட்டார் ரூமுக்குள் வந்தது

முன்பு டி.வி.க்கென்று ஒதுக்கி வைத்திருந்த அலைவரிசையை இப்போது செல்போன் இன்டர்நெட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். லேசுப்பட்ட அலை இல்லை சார் அது! வெகுதூரம் ஓடும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். இதையெல்லாம் படித்துப் பாஸானவன்தான் நானும். ஆனால் குருவிகுளம் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் நேரில் பார்த்தபோது புல்லரித்துவிட்டது. டவர் கண்ணுக்கே தெரியவில்லை. காட்டுக்காரர் போனோடு மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மகளோடு வீடியோவில் சிரித்துப் பேசுகிறார். வெளியே வந்ததும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கதவச் சாத்தியாச்சு, சன்னலே கெடையாது, அப்பவும் எம் மவ மூஞ்சி பளிச்சுனு தெரியுது. எது வழியா வே உள்ள வருது?"

வந்து இறங்கிய மூட்டை

இப்படி மலைத்துப்போய்த் திரிந்தவனுக்கு ஊருக்குள்ளேயே ஒரு தலைவலி வந்தது. சங்கரன்கோவிலில் ஒரு தெரு முழுக்க ஒரே புகார். எதிராளி பேசுவது இங்கே கேட்கிறது, நாம் பேசுவது அங்கே போய்ச் சேரவில்லை. அதாவது, போனிலிருந்து டவருக்குப் போகிற வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நின்று கத்துகிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் வாசலில் கிடந்த மூட்டையைக் காட்டினார்.

"பருப்பு வேண்டாம்னு தொண்ட கிழியக் கத்துதேன், மதுரக்காரனுக்குக் கேக்கல. அவன் ‘சரி அண்ணாச்சி, அனுப்புதேன்’னது மட்டும் எனக்குத் தெளிவாக் கேக்கு. வந்து எறங்கியிருக்கு பாரும்!"

போய்ச் சேராத கைகள்

நான் சிரித்துவிட்டேன். கடையில் நின்ற ரஹ்மத் என்ற பெண் சிரிக்கவில்லை. கூட நின்ற தன் மதினி மும்தாஜைக் காட்டினாள். மும்தாஜுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. சவுதியில் வெல்டிங் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் சாகுலுக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் கைதான் பேச்சு, வீடியோதான் போன். இப்போது அவர் கை அசைவது இவளுக்குத் தெரிகிறது. இவள் கை அங்கே அசையாமல் அப்படியே நிற்கிறது. அந்த மனுஷன் என்ன நினைப்பார்?

"மதினி கோவத்துல பேச மாட்டேங்காவன்னு எங்கண்ணன் நெனைக்கான். வேலைய விட்டுட்டு ஊருக்கு வாரேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். அதுக்குள்ள சரி பண்ணிருவீங்களாண்ணே?"

மாடியில் உட்கார்ந்திருந்த கள்ளன்

மறுநாள் காலை, மீன்முள் மாதிரி இருக்கும் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எந்தப் பக்கம் திருப்பினால் மீட்டர் துள்ளுகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். பாதித் தெரு பின்னால் வந்தது. மீட்டர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ரஹ்மத் வீட்டு வாசலில்!

மாடியில் ஒரு பழைய டி.வி. ஆன்டெனா, அதில் ஒரு பூஸ்டர். அந்தக் காலத்தில் படம் தெளிவாக வருவதற்காக மாட்டுகிற சின்னப் பெட்டி அது. வெயில் மழையில் கெட்டுப்போய், டி.வி. விட்டுப்போன அதே அலைவரிசையில் தானாகவே கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி, ஒரு தெருவின் வாயையே அடைத்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. கூட வந்த கடை அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் கம்பெனிக்காரன ஏசிக்கிட்டுத் திரியுதேன், கள்ளன் பக்கத்து வீட்டு மாடியில உக்காந்திருக்கானே!"

சிவப்பு வெளிச்சம்

பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி உள் அறையில் இருந்தது. அதில் ஒரு சின்னச் சிவப்பு லைட். பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன். மும்தாஜ் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். ரஹ்மத்தான் விஷயத்தைச் சொன்னாள். இருட்டில் கை தெரியாது அல்லவா? கரண்டு பல்பை அணைத்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தானாம். அவர் சவுதிக்குப் போனதிலிருந்து அவள் அதை அணைக்கவே இல்லை.

பிளக்கை விட்டுவிட்டு, மாடிக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றினேன். லைட் எரிந்தது, கத்தல் நின்றது. மும்தாஜ் உடனே போனை எடுத்தாள். நான் வாசலுக்கு நகர்ந்துகொண்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வளையல் குலுங்குவது மட்டும் கேட்டது. ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"‘ஏன் பேசவே இல்ல?’ன்னு அண்ணன் கேக்கான். ‘நான் தெனமும் பேசிக்கிட்டேதான் இருந்தேன்’னு மதினி சொல்லுதாவ."

டி.வி.யிடமிருந்து வாங்கிச் செல்போனுக்குக் கொடுத்த அலையில் ஊரே கூப்பாடு போட்டுக்கொண்டிருக்க, நான் பார்த்தவரை அதில் உருப்படியாகப் பேசுகிறவர்கள் சத்தமே போடாத அந்த இரண்டு பேர்தான்.