சில்லுப் பூட்டிய வீடு

யூலிற்றா எந்த வீட்டுக்குப் போனாலும், கதிரையில் இருக்குமுன் குனிந்து கட்டிலுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிடுவார். அங்கே வெறுமையாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. “எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டு வைச்சிருக்கிறியள்” என்று வீட்டுக்காரியைக் கடிந்த பிறகுதான் தேத்தண்ணி இறங்கும். செத்தவீடு என்றாலும் இதே கதைதான்.

முள்ளிவாய்க்காலில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் அவருடைய வீடு. இரண்டே அறைகள், அதில் ஒன்று முழுக்கக் கணவர் ஸ்ரீபனின் வலைகள். இரும்பு அலுமாரி வாங்கினால் உப்புக்காற்று இரண்டு மாரிக்குள் தின்று தீர்த்துவிடும். ஆகவே துணி அலுமாரிக்கு மாறினார். கம்பிச் சட்டம், அதன்மேல் துணி உறை, முன்னால் திறந்து மூட ஒரு சிப். அந்தக் கம்பியும் கறள் பிடித்தது. விடுவாரா மனுசி? கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீருக்குப் போடும் பிளாஸ்ரிக் பைப்பை அளந்து அறுத்துப் பூட்டினார், உருட்டித் திரிய அடியில் நாலு சில்லும் வைத்தார்.

இன்று அங்கே சில்லு வைத்த துணி அலுமாரி நான்கு, லாச்சிப் பெட்டி ஆறு. காலையில் ஒரு மூலை, பின்னேரம் வேறு மூலை. கடலால் வரும் ஸ்ரீபன் சேட்டு எடுக்க லாச்சியை இழுத்தால் உள்ளே சீனிப் போத்தல் இருக்கும்.

“என்னைத் தவிர எல்லாத்துக்கும் சில்லுப் பூட்டிப்போட்டாள்” என்பார் அவர்.

“நீங்கள் நிண்டாலே பாதி இடம் போகுது. போய்க் கடலில நில்லுங்கோ.”

மகள் டிலுசாவுக்குக் கலியாணம் பேசியபோதுதான் யூலிற்றாவின் கெட்டித்தனத்துக்கு உண்மையான சோதனை வந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை அன்ரனுக்குக் கள்ளப்பாடு ஊர், அவர் மரியாதையாகத்தான் சொன்னார். “ஒரு மாதம் இருந்து பாப்பம் மாமி. இடம் காணாட்டி எங்கட பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கிறன்.”

யூலிற்றாவுக்கு இருப்பது ஒரே மகள். அவளும் போய்விட்டால் வீடு நிறைய இடம் கிடந்து ஆருக்கு?

வலை இல்லாத அறையை முழுதாக மகளுக்குக் கொடுத்தார். ஹோலில் மூன்று அலுமாரிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றையே சுவராக்கி, தனக்கும் ஸ்ரீபனுக்கும் கட்டில் போட ஒரு மூலை எடுத்தார். நான்காவதைக் கழுவிக் காயவைத்து மருமகனுக்கென்று அறைக்குள் உருட்டினார். அதில் இருபது சேட்டுக் கொழுவலாம்.

கலியாணம் முடிந்து வந்த அன்ரன் கொழுவியது மூன்றே மூன்று. வீட்டில் ஆள் இல்லாத நேரம் யூலிற்றா சிப்பை மெல்லத் திறந்து பார்ப்பார். முதல் வாரமும் மூன்று, மூன்றாம் வாரமும் மூன்று. மிச்சமெல்லாம் கள்ளப்பாட்டில். அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை காலை வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அன்ரன் இறங்கி, பின்னாலிருந்து தன் படகு எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தார். அந்தக் கரையில் யாரும் எஞ்சினை வெளியில் விடுவதில்லை. நிரந்தரமாக எங்கே படுக்கிறார்களோ அந்த வீட்டுக்குள்தான் வைப்பார்கள்.

“மாமி, இதுக்கும் ஒரு இடம் எடுப்பியளோ?”

சேட்டுக்குக் கணக்குப் பார்த்த மனுசி எஞ்சினை நினைத்தே பார்க்கவில்லை. வீட்டில் ஒரு சாண் மிச்சமில்லை. யூலிற்றா உள்ளே ஓடினார். தன் சொந்த அலுமாரியின் சிப்பை ஒரே இழுவையில் திறந்து, சீலைகளை அள்ளி அள்ளி, நித்திரையாய்க் கிடந்த ஸ்ரீபனுக்கு மேலேயே போட்டார்.