காரடியில் நின்றவர்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். வெள்ளவத்தையில் இருக்கும் மூன்று கடையும் என் சொந்த உழைப்பு. பத்தொன்பது நாடு பார்த்துவிட்டேன். போன மாதம் சிகிரியா மலையில் ஆற அமர ஏறி இறங்கி, வாடகைக் காரின் கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த சீட்டின் மணம் முகத்தில் அடித்தது. அது அப்பாவின் சட்டை மணம்.

அப்பா வெள்ளைக்காரருக்கு ஊர் காட்டும் காரின் டிரைவர். பயணம் முடிந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இருப்பார். அயலவர் கூடிவிடுவார்கள். சிகிரியா ஓவியங்களின் நிறத்தையும் உச்சிக் காற்றையும் அவர் சொல்லச் சொல்ல வாய்பிளந்து கேட்பார்கள்.

பத்து வயதில் ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் மலையேறினார்கள். அப்பா மரநிழலில் கார் துடைத்தார். அவர்கள் இறங்கி வந்ததும், தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் வாசலில் அவர் கதை தொடங்கியதும் நான் கத்தினேன்.

“பொய்! அப்பா மேல ஏறவே இல்லை. காரடியிலதான் நிண்டவர்!”

“கீழ நிண்டே மலை ஏறினியளோ அண்ணை?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். உண்மையைச் சொன்ன கெட்டிக்காரன் என்று எனக்குப் பெருமை.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போய்வந்தாலும், யார் கேட்டாலும், “ரோட்டு நல்லம்” என்று மட்டும் சொல்வார்.

“மேல எப்படி ஐயா இருந்தது?” என்று, அதுவரை காரடியில் காத்து நின்ற வாடகைக் கார் டிரைவர் கேட்டார். போய்வந்த இடத்தையெல்லாம் சொல்லிப் பெருமையடிக்கிற நான், “ரோட்டு நல்லம்” என்றேன்.