அம்மா வாங்கிய கடன் பத்திரம்

எனக்கு வாய் நீளம் என்பது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். ரசத்தில் புளி தூக்கல், சிலிண்டர்காரர் கூடுதலாகக் கேட்டார், சர்ச்சில் பிரசங்கம் இழுத்துவிட்டது, எதையும் விட மாட்டேன். அம்மா ஒரு சேலை எடுப்பதானால்கூட நான் அதை நாலு குறை சொல்லி முடித்த பிறகுதான் பில் போடச் சொல்லுவாள்.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே முதலீட்டு ஆராய்ச்சி செய்கிறேன். ஆசியாவில் இருக்கிற போன் கம்பெனிகளும் டெக்னாலஜி கம்பெனிகளும் கடன் வாங்கித்தான் டவர் நடுகின்றன, கேபிள் புதைக்கின்றன. அந்தக் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பார்களா என்று பார்த்து எழுதுவது என் பிழைப்பு. முக்கூடலில் இருக்கிற பெரியம்மாவிடம் அம்மா இதை, "கடன் வாங்கினவன் யோக்கியனான்னு பாத்துச் சொல்லுதா" என்று முடித்துவிடுவாள். இதைவிட நன்றாக எனக்கும் சொல்ல வராது.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கம்பெனியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது, அறிக்கை வெளிவரும் வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. வீட்டில் இருக்கிறவர்களிடமும்தான். சாடை காட்டினால்கூட வேலை போய்விடும்.

அம்மா அரசு ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். வந்த பணத்தில் மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்காகத்தான். நான் ஹால் மூலையில் உட்கார்ந்து, குக்கர் விசிலுக்கு நடுவே சிங்கப்பூரோடு பேசிக்கொண்டிருந்தேன். தனி ரூம் இருந்தால் மகள் ஊரை விட்டுக் கிளம்ப மாட்டாள் என்று அவள் நினைத்தாள். பணம்தான் கொஞ்சம் இடித்தது.

ஒரு நாள் சாயங்காலம் முதலீட்டு ஏஜென்ட் ஒருவர் கொடுத்த காகிதத்தோடு வந்தாள்.

"ஏட்டி, இந்தப் போன் கம்பெனி பத்திரத்துல பேங்க்கை விட வட்டி கூடத் தாறாவளாம். ரெண்டு வருஷம் போட்டு வச்சா மாடி ரூம் கட்டப் போதும். போடட்டா?"

காகிதத்தில் பெயரைப் பார்த்தேன். அந்த வாரம் நான் எழுதிக்கொண்டிருந்த கம்பெனியே அதுதான். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன், அதை அடைக்க இன்னொன்று என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்காதீர்கள் என்று பாதி அறிக்கை எழுதி வைத்திருந்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா" என்றால், என் வாயை அறிந்தவளுக்கு அதுவே பெரிய சாடை. மென்று முழுங்கிக்கொண்டு பூண்டு உரித்தேன். அம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள். வாயாடி வாயடைத்துப் போனால் பெற்றவளுக்குப் புரியாதா என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எனக்கு.

புரிந்தது வேறு. எதற்கும் நொட்டை சொல்லுகிறவளே இதற்குச் சொல்லவில்லை, அப்படியானால் குறையே கிடையாது என்று என்னிடம் சொல்லாமலே மறுநாள் வாங்கிவிட்டாள். மௌனம் சம்மதமாம்.

அறிக்கை வெளிவந்த காலையில் அடுக்களைக்கு ஓடினேன். "அம்மா, அந்தப் பத்திரம் வேண்டாம்."

அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாங்கியாச்சே. நீதான் ஒண்ணும் சொல்லலியே?"

நான் எழுதுகிற கம்பெனியின் பத்திரத்தை வீட்டில் இருக்கிறவர்கள் விற்பதற்கும் என் ஆபீஸ் அனுமதி வேண்டும். எழுதிப்போட்டு, அது வருவதற்குள் விலை சரிந்துவிட்டது. போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

"கூடாதும்மா."

அழுதுவிட்டேன். என் சம்பளத்திலிருந்து ஈடு கட்டுகிறேன் என்றேன். "ஒன் சம்பளத்துல கட்டினா அது நீ கட்டுன ரூம். நான் ஒனக்குக் கட்டணும்னுல்லா நெனச்சேன்" என்றாள். அப்புறம் பல நாள் வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சுத்தான் இல்லை.

மாடியில் கடைசியில் தகர ஷெட்தான் போட முடிந்தது. சித்திரை வெயிலில் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். ஆனாலும் அங்கே ஃபேன் மாட்டியதும் மேசை போட்டதும் அம்மாதான். இரண்டு வேளை மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

போன மாதம் எதிர்வீட்டு டீச்சர் வந்தார். அவரும் ரிட்டயர் ஆகி, கையில் பணத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். "நீ இதுல கெட்டிக்காரியில்லா பிள்ள. நல்ல கம்பெனியா ஒண்ணு சொல்லேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் பரீட்சை மார்க்கை ஊருக்குச் சொல்லும்போது வருகிற குரல் அவளுக்கு வந்திருந்தது.

"அவகிட்ட கேக்காதிய டீச்சர். எனக்கு மாடியே போச்சு, அப்பவும் அவ வாயத் தெறக்கல. பெத்த தாயிக்கே சொல்லாதவ, ஒங்களுக்கா சொல்லப் போறா?"