இருபத்தைந்துக்கு ஒன்பது வாங்கிய மேடம்

போன வாரம் ஒரு முழு வகுப்பின் முன்னால் என் மார்க்கை உரக்க வாசித்தார்கள். இருபத்தைந்துக்கு ஒன்பது!

வாசித்தவர் சக ஆசிரியர் ரவி சார். கேட்டவர்கள் என்னுடைய மாணவர்கள். பதினெட்டு வருஷமாக அடுத்தவருக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்கு இது தேவையா?

தேவைதான். சொல்கிறேன்.

தாம்பரம் பக்கத்தில் எங்கள் கல்லூரி. இரண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்து ஒரு எம்.எஸ்ஸி. நடத்துகிறோம் – இ-பிசினஸும் கம்ப்யூட்டிங்கும். வியாபாரம் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் ரவி சார் பொறுப்பு. நான் முதல் மாடி, அவர் மூன்றாவது மாடி. பிள்ளைகள் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், இன்டர்நெட்டில் பொருள் வாங்குவது பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கேளம்பாக்கத்திலிருந்து வரும் குமரன் எழுந்தான்.

"மேடம், கார்டு நம்பரை நெட்ல அடிக்கிறோம். நடுவுல யாராச்சும் எடுத்துட்டா?"

"எடுக்க முடியாதுப்பா. அதுக்கெல்லாம் பாதுகாப்பு இருக்கு."

"எப்படி மேடம்?"

எப்படி? எனக்குத் தெரியாது. ஆனால், அதைச் சொல்ல வாய் வரவில்லையே... "அது கம்ப்யூட்டிங் பேப்பர். ரவி சார்கிட்ட கேளு" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

சில நாளில் நாவலூரில் ஒரு கம்பெனியின் இன்டர்வியூவுக்குக் குமரன் போனான். மறுநாள் கேன்டீனில் நண்பனிடம் புலம்பிக்கொண்டிருந்தான். தூணுக்கு இந்தப் பக்கம் நான், காபியோடு.

"அதே கேள்விதான் மச்சான் கேட்டாங்க. முழிச்சிகினு உக்காந்திருந்தேன். மேடமாண்ட கேட்டா சாராண்ட போன்னு சொல்றாங்க. சாராண்ட கேட்டா, கஸ்டமர் நம்பிக்கை எல்லாம் பிசினஸ், மேடமாண்ட போன்னு சொல்றாரு. பேஜாரா கீதுடா. வூட்ல இன்னா சொல்றதுன்னே தெரில."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நேராக மூன்றாவது மாடி.

"சார், குமரன் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டானா?"

"கேட்டான். உங்ககிட்ட அனுப்பினேனே?"

"உங்ககிட்ட அனுப்பினதே நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையைச் சொல்றேன் மேடம். கார்டு நம்பரை யாரும் எடுக்காம காக்கிற அந்தப் பூட்டு எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். பூட்டு இருந்தும் ஜனங்க ஏன் பயப்படறாங்கன்னு தெரியாது."

"எனக்கு அப்படியே தலைகீழ்!"

அங்கேயே முடிவு செய்தோம். அவர் வகுப்பில் நான் உட்காருவது, என் வகுப்பில் அவர். கடைசி பெஞ்ச். டெஸ்ட் உண்டு. சலுகை கிடையாது.

எங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "பசங்க முன்னாடி மரியாதை போயிடும்மா."

"அது கேன்டீன்ல ஏற்கெனவே போயாச்சு சார்" என்றேன்.

அப்புறம்தான் அந்த டெஸ்ட். விடைத்தாள் கொடுக்கும்போது ரவி சார் தயங்கினார். "மேடம், உங்களுக்கு அப்புறம் தனியா..."

"எல்லாருக்கும் வாசிச்ச மாதிரியே வாசிங்க சார்."

வாசித்தார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது – இந்த வயதிலும் ஃபெயில் என்றால் அப்படித்தான் இருக்கிறது.

முன் பெஞ்சிலிருந்து குமரன் திரும்பினான். "மூணாவது கேள்விதானே மேடம் கவுத்துடுச்சு? லஞ்ச்ல வாங்க, நான் சொல்லித் தரேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். லஞ்சில் போனேன், சொல்லித் தந்தான். கடைக்காரர் திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார், சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். யார் வேண்டுமானாலும் பூட்டி அனுப்பலாம், அவர் மட்டும்தான் திறக்கலாம். இவ்வளவுதானா விஷயம்! இதற்காகவா அவனை மாடி ஏற வைத்தேன்?

ரவி சார் கதையையும் சொல்லிவிடுகிறேன். கீழ்க்கட்டளையில் இருக்கும் ஒரு அக்கா உங்கள் வெப்சைட்டை நம்பி ஏன் புடவை வாங்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். சர்வரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். புடவை என்ற சொல்லே இல்லை. ஆறு மார்க். அதை நானும் உரக்கத்தான் வாசித்தேன்... கொஞ்சம் சந்தோஷத்தோடு.

நேற்று குமரனின் பழைய கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்று பதில் சொன்னோம். பூட்டு அவர் பங்கு, பயம் என் பங்கு. முடித்ததும் கேள்வி கேட்கக் கை தூக்கினார்கள் பாருங்கள் – ஒரு பாடவேளை போதவில்லை. தெரியாத இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றே சொன்னோம். யாருடைய மரியாதையும் போகவில்லை.

குமரனுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. எங்களால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால், பையன் கெட்டிக்காரன், அதுதான் காரணம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கரும்பலகையின் கீழ்ப்பாதி கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது. பதினெட்டு வருஷமாக முக்கியமான பாயிண்ட்டுகளை எல்லாம் நான் அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்!