ஆட அழைக்க இரண்டு பேர்

எனக்கு ஆட ஆசை. இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, வாயால் சொல்வதெல்லாம் நடக்காத காரியம். தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் கணபதி ஊர்வலம் போகும்போது பெண்களெல்லாம் இறங்கி ஆடுவார்கள். நான் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டோலும் தாஷாவும் அடிக்க அடிக்கக் கால் பெருவிரல் மட்டும் தரையில் தட்டும். கீழேயிருந்து யாராவது என்னைப் பார்த்துக் கையசைத்தால் உள்ளே போய்விடுவேன். அப்படியே வயதாகிவிட்டது. ஒரே ஒரு பாட்டாவது முதலிலிருந்து கடைசி வரை, பாதியில் ஓடாமல் ஆடிவிட வேண்டும் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை.

இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகளுக்கு வாஷியில் ஆபீஸ். அங்கே ஒரு விழாவில் யாரோ ஜோடியாக சால்சா ஆடினார்களாம். பார்த்துவிட்டு வந்து தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். மகனைக் கூப்பிட்டாள். சோபாவை விட்டு எழுந்திருப்பதே அவனுக்குப் பெரிய ஆட்டம். தனியாகப் போகாதே, அம்மா வந்தால் போ என்று சொல்லிவிட்டான். கோயிலிலேயே தூணுக்குப் பின்னால் நிற்கிற அம்மா இதற்கா வரப் போகிறாள் என்று அவ்வளவு நம்பிக்கை. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, "வாரேன்" என்றேன். அவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

மருமகள் போனில் தேடித் தேடி இடம் பிடித்தாள். செம்பூரில் ஒன்று. போய்ப் பார்த்தால் அது உடம்பு இளைக்கக் குதிக்கிற வகுப்பு. கண்ணாடியைப் பார்த்து அவரவர் தனியாகக் குதித்தார்கள். வாஷியில் இருந்ததை மூடிவிட்டு அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துவிட்டார்கள். கடைசியில் மாட்டுங்காவில் ஒன்று கிடைத்தது.

வாசலில் வாட்ச்மேன் என் சேலையைப் பார்த்தார், நெற்றி விபூதியைப் பார்த்தார். மருமகள் டான்ஸ் கிளாஸ் என்று வாயெடுத்ததுமே மூன்றாம் மாடிக்குக் கை காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சின்னச் சின்னப் பெண்கள் தட்டுக்கழி சத்தத்துக்கு அரைமண்டியில் நின்று கால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரம்மா நிமிர்ந்து, "கொழந்தைய அழைச்சிண்டு வரலையா?" என்று கேட்டார்.

மருமகள் என்னைக் காட்டி, "இவங்கதான் கொழந்தை" என்றாள்.

எனக்குச் சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் சால்சா விஷயத்தைச் சொன்னதும் டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பாட்டு போடறவாளா? பின்பக்கத்து பில்டிங். அது ஆரம்பிச்சா என் பசங்களுக்குத் தாளம் தப்பறது" என்றார். ஆனாலும் படிக்கட்டு வரை வந்து வழி சொன்னார்.

பின்பக்கத்துக் கட்டடத்திலும் நான் பழக்கப்படி செருப்பை வெளியே விட்டேன். உள்ளே எல்லோரும் ஷூவோடு ஆடினார்கள். ஆடுகிற தரையில் செருப்புக் காலா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்கே ஒரு குதிகால் என் பெருவிரலில் ஏறி இறங்கியது. மறுவாரம் மனசு ஒப்பிவிட்டது, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

சால்சாவில் ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். மகன் வயதுப் பிள்ளை ஒருவர் மரியாதையாகத்தான் கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். சொல்லித்தருகிற பெண் கோபிக்கவில்லை. இங்கே ஆண்கள் குறைச்சல், பெண்களில் யாராவது ஆண் பக்கத்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் நல்லது, அதற்கு லீடர் என்று பெயர், லீடருக்குப் பெண்கள்தான் ஜோடி என்று இந்தியில் சொன்னாள். நான் உடனே தலையாட்டினேன். பெண்கள் கையைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

"அரே அத்தே, கெட்டிக்காரிதான் நீங்க" என்றாள் மருமகள்.

இல்லை. லீடர்தான் எந்தப் பக்கம் போவது, எப்போது திரும்புவது என்று முடிவு பண்ண வேண்டுமாம். வீட்டில் இன்றைக்கு ரசமா சாம்பாரா என்று கேட்டாலே, உங்கள் இஷ்டம் என்கிறவள் நான். எதிரில் இருக்கிற பெண் எனக்காகக் காத்திருப்பாள், நான் அவளுக்காகக் காத்திருப்பேன், பாட்டு மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு மெதுவாகப் பிடிபட்டது. உள்ளங்கையால் இத்தனூண்டு அழுத்தினால் அவள் திரும்பினாள். நான் வாயே திறக்காமல் ஒரு ஆள் என் பேச்சைக் கேட்பது எனக்குப் புதுசாக இருந்தது.

ஆனால் வகுப்பில் எந்தப் பாட்டும் முடியாது. பாதியில் நிறுத்தி ஜோடி மாற்றுவார்கள். முழுப்பாட்டு வேண்டுமென்றால் சோஷலுக்குப் போக வேண்டும். செம்பூரிலேயே ஒரு ஓட்டல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி ஆடுவதுதான் சோஷல். அங்கே நமக்கு யாரும் ஜோடி பிடித்துத் தர மாட்டார்கள். நாமே போய்க் கூப்பிட வேண்டும்.

போய் உட்கார்ந்தேன். பாட்டுக்கு மேல் பாட்டாகப் போனது. மருமகள் வியர்த்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "யாரையாவது கூப்பிடுங்க அத்தே, முடிஞ்சிரப் போவுது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு அழைக்க ஒற்றை ஆளாகப் போக மாட்டோம். இரண்டு பெண்கள் குங்குமச் சிமிழோடு போய், வீட்டுக்குள் நுழைந்து, கண்டிப்பாக வந்துரணும் என்று சொன்னால்தான் அழைப்பு. வீட்டுக்காரர் போன பிறகு என்னை யாரும் அழைக்க அனுப்பியதில்லை. அது வழக்கமில்லை. கூச்சக்காரிக்கு வசதிதான் என்று நானும் அடுப்படியில் இருந்துகொண்டேன். இப்போது எழுந்தால் கால் நகரவில்லை.

"ஏளா, நீயும் கூட வா."

"எங்க?"

"கூப்பிடத்தான். ஒத்தையா எப்படிப் போறது?"

"டான்ஸுக்குக் கூப்பிட யாராவது ஜோடி சேந்து போவாங்களா? கல்யாணமா நடக்கு?" என்றாள். ஆனால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கூட வந்தாள்.

தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு மராத்தி அம்மாள், மகளோடு வந்தவர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் போய் அவர் முன்னால் நின்றோம். என் கை தன்னால் கும்பிட்டது. "வந்துரணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இந்தியில் சொன்னாள். தனக்கு ஆட வராதே என்றார் அந்த அம்மாள். எனக்கும் முழுசாக வராது என்று சொல்லச் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைப்பையை மருமகளிடம் கொடுத்து எழுந்தார்.

முழுப்பாட்டு இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. பாதியில் யாரோ முதுகில் இடித்தார்கள். அந்த நிமிஷமே என் கண் ஓரத்து நாற்காலியைத் தேடியது. ஆனால் அவருடைய கை என் கையில் இருந்தது, எந்தப் பக்கம் என்று காத்துக்கொண்டு. நான் ஓடினால் அவர் நடுக்கூடத்தில் தனியாக நிற்பார். இத்தனூண்டு அழுத்தினேன். திரும்பினார். பாட்டு நின்ற பிறகும் நாங்கள் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தோம்.

அவரை நாற்காலி வரை கொண்டுவிட்டு வந்து, முகத்தைத் துடைத்து, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு ஆரம்பித்தபோது முன்னால் நிழல் விழுந்தது. அந்த அம்மாள். கூடவே அவர் மகள். இங்கே இப்படித்தான் வந்து அழைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் போலும், இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

மருமகள் என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.