தளும்பத் தளும்பத் தண்ணீர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் நின்று அக்கா நீட்டிய எவர்சில்வர் டம்ளர் இப்போது என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. விளிம்பில் ஓர் இடம் நசுங்கியிருக்கும். அவள் ஒருமுறை கோபத்தில் தரையில் அடித்தது.

அக்காவுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன பேச்சு அது. பதினெட்டு வயது வரை சிறப்புப் பள்ளியின் வேன் வந்து அவளை அழைத்துப்போனது. அதற்கப்புறம் அவளுக்கென்று போக ஓர் இடமில்லை. பௌர்ணமி மட்டும் இருந்தது. அன்று சாயங்காலம் கிரிவலம் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. காலையிலேயே தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, குடத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். "இன்னும் வரலியாம்மா?" என்று அம்மாவைத் துளைத்தெடுப்பாள்.

ஒரு பௌர்ணமியில், பாதை நெடுகச் சாமியார்களுக்குச் சில்லறை போட்டபடி வந்த ஓர் அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. டம்ளருக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு, கும்பிட்டுவிட்டு நடந்துவிட்டார். அக்காவுக்கு எதுவும் புரியாது என்று நினைப்பவர்கள் அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். டம்ளரைத் தரையில் அடித்து, "நான் குடுக்கறவ! குடுக்கறவம்மா!" என்று கதறினாள்.

அம்மா அவளை உள்ளே இழுத்துப்போகவில்லை. டம்ளரைக் கழுவிக் கையில் கொடுத்து, "தளும்பத் தளும்ப ஊத்துடி. ரொம்பி இருந்தா யாரும் காசு போட மாட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து அக்கா விளிம்பு வரை ஊற்றித்தான் நீட்டுவாள். சிந்தாமல் வாங்க ஜனங்கள் நின்று, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நின்றவர்கள், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் மாதம் முழுக்க வாழ்ந்தாள்.

அம்மா இறந்த பிறகு அந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அவளைக் கீழ்பென்னாத்தூருக்கு என்னோடு அழைத்து வந்தேன். சோறு, துணி, மாத்திரை எதிலும் குறையில்லை. ஆனால் எங்கள் தெரு முட்டுச்சந்து. அவளுக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்காதா, பேச நாலு பேர் கிடைக்க மாட்டார்களா என்று நான் ஏறாத படியில்லை. "வீட்லயே பத்திரமா வச்சிக்கோங்க" என்கிறார்கள். பத்திரமாகத்தான் இருக்கிறாள், பரணில் போட்ட குடம் மாதிரி.

நேற்று பௌர்ணமி. தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, நசுங்கிய அந்த டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பி, கேட்டருகே போய் நின்றாள். முழங்கை வரை ஈரம். தெருவில் ஈ, காக்கை இல்லை. பொறுக்க முடியாமல் நானே போய் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கி மறுபடி விளிம்பு வரை நிரப்பினாள். தெருவை எட்டிப் பார்த்தாள்.

"வேற யாருனா வருவாங்களா பாப்பா?" என்று என்னைக் கேட்டாள்.