தறப்பாளுக்குப் பாரம்

வெளிநாட்டிலிருந்து ஒரு மின்சாதனம் வந்து இறங்கினால் நாங்கள் முதலில் செய்கிற வேலை அதன் பிளக்கை வெட்டி எறிவதுதான். பிரான்ஸ்காரர் அனுப்பினாலும் சரி, சுவிஸ்காரர் அனுப்பினாலும் சரி, அந்த முள் எங்கள் சுவரில் ஏறாது. வெட்டு, வயரின் தோலை உரி, எங்கள் பிளக்கைப் பூட்டு, குத்து. ஓடும். பரந்தனில் பிரிட்ஜ் திருத்துகிற கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ பிளக்கை வெட்டியிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று வாய் வேறு அடித்துத் திரிந்தேன்.

கண்டாவளைப் பக்கம் றோட்டோரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் போன் எடுத்தார். கனடாவில் இருக்கிற தமையன் ஒரு மெசின் அனுப்பியிருக்கிறாராம், வந்து பூட்டித் தரட்டாம். போய்ப் பார்த்தால் அலுமாரி உயரத்தில் ஒரு சாமான். முன்பக்கம் கண்ணாடி. காசுக்குற்றியைப் போட்டு இலக்கத்தை அழுத்தினால் உள்ளே சுருள் கம்பி சுற்றி, உறைந்த சாப்பாட்டுப் பொதி ஒன்றைக் கீழே தள்ளிவிடும். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் படத்தில்தான் கண்டிருந்தேன்.

கால போக நெல் வெட்டி முடிந்த நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியை இறக்கிய லொறிக்காரன் பலகையும் ஆணியும் தனக்கு வேண்டுமென்று நின்றான். றோட்டால் போன சனமெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வாய் பார்த்தது. என்னை மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று வீட்டில் சொல்வார்கள். பலகைப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. நல்ல பாரம்.

"தம்பி, இது என்னெண்டு பாருமன்" என்றார் அக்கா.

"அது கப்பல் ஆடேக்க மெசின் சரியாமல் இருக்கப் போட்ட பாரமக்கா. அங்கால தூக்கிப் போடுங்கோ."

இப்படிச் சொல்லிக்கொண்டே பிளக்கை வெட்டினேன். எங்கள் பிளக்கைப் பூட்டினேன். குத்தினேன். உள்ளே லைற் ஒருமுறை வெள்ளையாய் எரிந்தது. 'டப்' என்றொரு சத்தம். பின்பக்கத்தால் புகை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஐரோப்பாவில் எங்களுடைய கரண்டின் அளவுதான். கனடாவில் அதில் பாதி. இது எனக்குத் தெரியாத சங்கதியே இல்லை. தெரிந்துகொண்டே எரித்தேன்.

"என்ன தம்பி, மணக்குது?"

"கப்பலில வரேக்க அடிபட்டிருக்கு அக்கா." நான் சொன்ன பொய் இது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

அவர் சண்டை பிடித்திருந்தால் நானும் இரண்டு கத்துக் கத்திவிட்டுப் போயிருப்பேன். அவர் கண்ணாடியைத் தடவியபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். தமையனுக்கு அங்கே இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. போன புதிதில் பாஷை தெரியாது, பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. இடைவேளைக்குப் போய் இந்த மெசினுக்குப் பக்கத்தில் இருந்துதான் சாப்பிடுவாராம். அங்கே புதியது வாங்கியபோது இதைக் குப்பையில் போட விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறார். 'நீ வயலுக்குப் போனாலும் இது நிண்டு விக்கும்' என்று தங்கைக்கு அனுப்பியிருக்கிறார். அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு அவரே வருகிறார். ஊரைவிட்டுப் போனபிறகு முதல்முறையாக வருகிறார்.

"அவர் வரேக்க இது ஓட வேணும் தம்பி. பழுதாப்போச்செண்டு தெரிஞ்சால் மனுசன் உடைஞ்சுபோயிடும்."

"ஓம் அக்கா, ஓட வைக்கிறன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த கிழமை கருவிகளோடு போனேன். கடை முகப்பில் வெயிலுக்குத் தொங்கவிட்ட தறப்பாள் காற்றுக்கு அடித்துக்கொண்டு கிளம்பாமல் ஒரு மூலையில் கல், மற்ற மூலையில் அந்த இரும்புப் பெட்டி. துணி கழன்றிருந்தது. பார்த்தவுடனே விளங்கியது. கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி. அந்த மனுசன் எல்லாவற்றையும் யோசித்து, அதையும் வாங்கி, துணி சுற்றி வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். நான் அதைப் பாரம் என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் கடைக்குள் ஏறவேண்டும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தாண்டினேன்.

ஒருநாள் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருந்த நேரம் தமையன் போனில் வீடியோ அழைப்பு எடுத்துவிட்டார். அக்கா பதறிப்போனார். "மெசினைக் காட்டு பிள்ளை" என்று போனுக்குள் குரல் கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, டோச் லைற்றைக் கொளுத்திக்கொண்டு மெசினின் பின்னால் குந்தி, உள்ளே வெளிச்சம் பிடித்தேன். அக்கா தூர நின்று கண்ணாடியைக் காட்டினார்.

"வடிவா இருக்கு. ஆனா சத்தம் கேக்கேல்லையே?"

குழாயிலிருந்து காற்றை உறிஞ்சுகிற என்னுடைய பம்ப் காலடியில் கிடந்தது. கையை நீட்டி அதன் சுவிட்சைப் போட்டேன். கர் என்று இரைந்தது.

"ஆ, இப்ப கேக்குது" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. "கேக்குது பிள்ளை."

குந்தியிருந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் கெட்டவனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். போன் வைத்தபிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "நீர் நாடகத்தில நடிக்கப் போயிருக்கலாம்" என்று பகிடி பண்ணிப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். அதை வைத்துவிட்டுத் திரும்பவும் மெசினுக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

எரிந்த கொம்பிரசரைக் கழற்றிவிட்டு, பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றிலிருந்து எங்கள் கரண்டில் ஓடுகிற கொம்பிரசரை எடுத்து வைத்தேன். குழாய்கள் அளவு ஒத்துவரவில்லை. வெட்டி ஒட்டினேன், காஸ் அடித்தேன், கசிந்தது, திரும்பவும் ஒட்டினேன். சுருளைச் சுற்றுகிற மோட்டருக்கும் காசுக்குற்றி வாங்குகிற வாய்க்கும் மட்டும் பாதிக் கரண்ட் வேண்டும். அந்த இரும்புப் பெட்டி அதற்கென்றே வந்தது. கேட்டிருந்தால் அக்கா எடுத்துத் தந்திருப்பார். ஆனால் கேட்டால் உண்மையையும் சொல்லவேண்டும். வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய், அதே வேலை செய்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அந்தளவு கோழை நான்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கையில் ஒரு பின்னேரம் குழாயில் வெண்பனி படர்ந்தது. அக்கா கதவைத் திறந்து கையை உள்ளே வைத்தார். "ஐயோ, குளிருதடா!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். அன்றைக்கே நெல்லி ரசத்தில் குச்சி செருகி ஐஸ்பழம் ஊற்றி அடுக்கினார். சிக்கல் ஒன்றுதான். மெசின் கனடாக் காசுக்குற்றியைத் தவிர வேறெதையும் விழுங்காது. தமையன் ஒரு பை நிறையக் குற்றி அனுப்பியிருந்தார். வருகிறவர்கள் அக்காவிடம் குற்றியை வாங்கித்தான் மெசினில் போடவேண்டும். ஆளில்லாமல் விற்கிற மெசினுக்குப் பக்கத்தில் அக்கா நாள் முழுக்கக் கதிரை போட்டு இருந்தார்.

தமையன் வந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். மெலிந்த மனுசன், நரைத்த தலை. மெசினைக் கண்டதும் நேரே போய் அதன் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தன் பொக்கெற்றிலிருந்தே ஒரு குற்றியை எடுத்துப் போட்டார். சுருள் சுற்றியது. ஐஸ்பழம் விழுந்தது. சுற்றி நின்ற சனம் கைதட்டியது. அவர் அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது காற்றுக்குத் தறப்பாள் அடித்தது. மூலையைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் பெட்டி ஏன் அங்க கிடக்கு?"



"நான்தான் அண்ணை" என்றார் அக்கா, கண் இமைக்காமல். "அவசரத்தில அதை விட்டிட்டு நேர சுவரில குத்திப்போட்டன். எரிஞ்சுபோச்சு. இந்தத் தம்பிதான் பாவம், ஓடித்திரிஞ்சு திருத்தித் தந்தவர்."

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் பிழையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"பொய் சொல்லாதேங்கோ அக்கா!" என்று கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. "நான்தான் எரிச்சனான் அண்ணை. பெட்டியைப் பாரமெண்டு சொன்னதும் நான்தான். கப்பலில அடிபட்டதெண்டு இவவுக்குப் பொய் சொன்னதும் நான்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வந்திறங்கின அண்டைக்குப் பின்னேரமே அண்ணை போனில கேட்டவர், அந்தப் பெட்டியில குத்தினனியோ எண்டு. ஓம் எண்டிட்டன்" என்றார் என்னிடம். "பெட்டியை எடுத்து உள்ள வச்சால் எனக்குத் தெரியுமெண்டு உமக்கு விளங்கியிடும். பிறகு நீர் இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டீர். அதுதான் அங்கயே விட்டனான்."

தமையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வீடியோவில ஒரு சத்தம் கேட்டுதே, அது என்ன?"

"பம்ப் அண்ணை."

"எனக்குத் தெரியும் தம்பி. எத்தினை வருசம் இதுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டனான். இதின்ர சத்தம் எனக்குத் தெரியாதே?" சிரிக்கப் பார்த்தார். "எனக்காக இவ்வளவு பாடுபடுதுகள் எண்டு நினைச்சன். அதுதான் கேக்குது எண்டு சொன்னனான்."

கையிலிருந்த ஐஸ்பழத்தை என் பக்கம் நீட்டினார். நான் வாங்காமல் நின்றேன்.

"பிடியும், கரையுது."